தாத்தா வீட்டுச் சிவப்புக் காடி

கிள்ளானில் என் அப்பா வீட்டு வரவேற்பறையில், சாமி படங்களுக்கு நேர் எதிர்ச் சுவரில், ஒரு காரின் படம் மாட்டியிருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு போர்ஷே 917. கதவில் 23 என்ற எண். பக்கத்தில் தடித்த குளிர்ச்சட்டையில் நான். 2015-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள போர்ஷே அருங்காட்சியகத்தில் எடுத்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நிறுத்திவிடுவார். "லெ மான் பந்தயத்துல போர்ஷேவுக்கு மொத வெற்றிய வாங்கிக் கொடுத்த காடி இதான். எம்மக தொட்டுப் பாத்துட்டு வந்திருக்கா."

நான் தொடவில்லை. தொட விடமாட்டார்கள். அதைக்கூட ஒரு தகப்பனின் பெருமை என்று விட்டுவிடலாம். ஆனால் 1970-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார் அது அல்ல. இது எனக்குத் தெரிந்தும் ஐந்து ஆண்டுகள் அவரிடம் சொல்லாமல் இருந்தேன்.

அப்பா மெக்கானிக். பந்தயக் கார் பித்து அவருக்கு எங்கிருந்து வந்தது என்று சரியாகத் தேதி போட்டுச் சொல்லலாம்: 1985 டிசம்பர் 1. ஷா ஆலம் பத்து தீகா பந்தயத் தடத்தில் அன்றைக்கு உலக ஸ்போர்ட்ஸ்கார் போட்டியின் ஒரு சுற்று நடந்தது. சிலாங்கூர் 800 என்று பெயர். 800 கிலோமீட்டர் ஓட்டம். பட்டறையில் கையாளாக இருந்த அப்பா முதலாளியோடு போயிருக்கிறார். ஜாக்கி இக்ஸும் யோகன் மாஸும் மாறி மாறி ஓட்டிய போர்ஷே 962 வென்றது. அந்தத் தடம் இன்று இல்லை. இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். அப்பா அந்தப் பக்கம் கார் ஓட்டிப் போகும்போதெல்லாம் "இங்கதான் வளைவு இருந்துச்சு" என்று ஏதாவது ஒரு வீட்டு வேலியைக் காட்டுவார்.

நான் வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறேன். 2018-இல், ஜூன் மாத லெ மான் பந்தயத்தையொட்டி, ஸ்டுட்கார்ட்டில் பார்த்த "வெற்றிக் காரை"ப் பற்றி உற்சாகமாகப் பேசினேன். நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு நேயர் அழைத்தார். வயதான குரல், நிதானமாகப் பேசினார். "தங்கச்சி, ஜெயிச்ச காடியோட சேசிஸ் நம்பர் 917-023. நீங்க பாத்தது 917-001. அதுக்கு மேல அடிச்சிருக்கறது வெறும் சாயம். கதவு நம்பர பாத்து ஏமாறக்கூடாது."

தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. மறுநாள் ஒலிபரப்பில் திருத்தம் சொன்னேன். அப்பா அன்றைக்குக் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

2023-இல் கணவரோடும் ஆறு வயது மகனோடும் மறுபடியும் ஸ்டுட்கார்ட் போனதற்கு விடுமுறை என்று வெளியே சொல்லிக்கொண்டோம். எனக்கு அந்தக் காரைப் பார்க்க வேண்டியிருந்தது.

போவது சுலபம். மத்திய நிலையத்தில் எஸ்6 ரயில் ஏறி நொய்விர்ட்ஸ்ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் அருங்காட்சியகம் கண்ணெதிரே நிற்கும். திங்கட்கிழமை மூடியிருக்கும், கவனம். 2009-இல் திறந்த கட்டடம். மூன்றே தூண்கள்மீது தூக்கி நிறுத்திய பெரிய வெள்ளைப் பாறைபோல் இருக்கிறது. சுற்றிலும் தொழிற்சாலை. கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஒரு பட்டறை, உள்ளே பழைய கார்களைப் பழுதுபார்க்கிறார்கள். டிக்கெட் வாங்குமுன்பே அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டோம். அப்பாவை அழைத்து வராதது அப்போதே உறுத்தியது.

மேலே ஒரு போர்ஷே 956-ஐக் கூரையில் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். வேகமாகப் போகும்போது காற்று அந்தக் காரைத் தரையோடு அழுத்துகிறது. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் அந்த அழுத்தம் காரின் எடையையே மிஞ்சிவிடுமாம். கணக்குப்படி கூரையிலேயே ஓட்டலாம். அதைக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு அப்பா சொல்லும் ஒரே அறிவுரை, "அடியில குனிஞ்சு பாரு" என்பதுதான். இங்கே ஒரு காரைக் கவிழ்த்தே போட்டிருக்கிறார்கள், ஆனால் அதன் அடிவயிறு கூரையோடு ஒட்டிக்கிடக்கிறது!

மகன் அதற்குள் அடுத்த பகுதிக்கு ஓடிவிட்டான். திரும்பி வந்தவன் முகத்தில் ஏமாற்றம். "அம்மா, தாத்தா வீட்டுச் சிவப்புக் காடி எங்கம்மா? இங்க வெள்ளைதான் இருக்கு."

அவன் காட்டிய கார் வெள்ளை. மூக்குப் பகுதி மட்டும் இளம்பச்சை. அதுதான் 917-001. எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்ட அதே கார். அப்போது அது வேறொரு காரின் வேடத்தில் இருந்தது.

அந்த வேடத்தைப் புரிந்துகொள்ள 1969-க்குப் போக வேண்டும். பந்தயத்துக்கென்றே உருவாக்கும் கார்களை, கடையில் விற்கும் கார்களைப்போல ஆயிரக்கணக்கில் செய்யமாட்டார்கள். ஆனால் ஐந்து லிட்டர் இன்ஜின் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஓட வேண்டுமென்றால் குறைந்தது 25 கார்கள் கட்டிக் காட்ட வேண்டும் என்பது அன்றைய விதி. போர்ஷே 1969 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் 917-ஐ அறிமுகப்படுத்தியது. அங்கே நின்றது 001. சோதிக்க வந்த அதிகாரிகளிடம், சில கார்கள் முடிந்துவிட்டன, மீதி பாகங்களாகக் கிடக்கின்றன, எப்படியும் பந்தயத்துக்குமுன் கழற்றித்தானே மாட்டப்போகிறோம் என்று நிறுவனம் வாதாடியது. அதிகாரிகள் ஒப்பவில்லை. ஏப்ரல் 21-ஆம் தேதி தொழிற்சாலை முற்றத்தில் 25 கார்கள் வரிசைகட்டி நின்றன. மெக்கானிக்குகள் போதாமல் அலுவலக ஊழியர்கள்வரை கைகொடுத்துத்தான் அந்த வரிசை உருவானது என்று சொல்வார்கள். பிறகு அவற்றில் பலவற்றைப் பிரித்துச் சரியாக மறுபடி பூட்ட வேண்டியிருந்தது. அதாவது இந்தக் கார்களின் அடையாளம் பிறந்த நாளிலேயே கொஞ்சம் தளர்வானதுதான்.

அடுத்த ஆண்டு, 1970 ஜூன் 14 அன்று, கொட்டும் மழையில் லெ மான் முடிந்தபோது முதலில் வந்தது சிவப்பு-வெள்ளை 917. ஓட்டியவர்கள் ஹன்ஸ் ஹெர்மன், ரிச்சர்ட் அட்வுட். பந்தய எண் 23. சேசிஸ் எண்ணும் 023-ஆக அமைந்தது தற்செயல். இந்தத் தற்செயல்தான் என்னைப் போன்றவர்களைக் குழப்புகிறது. கதவில் எழுதும் எண் அந்தப் பந்தயத்துக்கு மட்டுமே உரியது. அடுத்த வாரமே வேறு காரில் அதே எண்ணை எழுதலாம். சேசிஸ் எண் சட்டகத்துக்கு உரியது.

வென்ற 023 பின்னாளில் தனியார் கைக்குப் போய்விட்டது. கண்காட்சிகளில் "வெற்றிக் கார்" என்று காட்ட நிறுவனத்துக்கு ஒரு கார் வேண்டும். 001-ஐ எடுத்து, சிவப்பு-வெள்ளைச் சாயமடித்து, 23 என்று எழுதினார்கள். அதில் திருட்டுத்தனம் இல்லை. அந்தக் காலத்தில் பழைய பந்தயக் காருக்கு மதிப்பில்லை. அடுத்த ஆண்டின் கார் வந்துவிட்டால் முந்தையது பழைய இரும்பு. 1971-இல் வந்த ஸ்டீவ் மெக்குவீனின் 'லெ மான்' படத்தில் விபத்துக் காட்சிகளுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? லோலா டி70 என்ற வேறு பந்தயக் காருக்கு போர்ஷே, ஃபெராரி உடல்களை மாட்டி நொறுக்கினார்கள். லோலா அவ்வளவு மலிவு. இன்றைக்கு அந்த லோலாவே ஒரு பொக்கிஷம்.

ஆக, போர்ஷே வரலாற்றின் முதல் 917, தன் தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்பத்து சொச்சம் ஆண்டுகள் நின்றது. 917-இன் ஐம்பதாம் ஆண்டு நெருங்கியபோதுதான் அதை 1969 மார்ச்சில் இருந்தபடியே மீட்க முடிவெடுத்தார்கள். எந்தப் பாகம் அசல், எதைக் காப்பாற்றலாம், எதைப் புதிதாகச் செய்தாக வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 2019-இல் பாரிஸ் ரெட்ரோமொபீல் கண்காட்சியில் வெள்ளை-பச்சையில் வெளியே கொண்டுவந்தார்கள்.

இப்படிப்பட்ட காரின் உண்மையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நம் ஊரில் கார் கைமாறும்போது புஸ்பாகோமில் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் சரிபார்க்கிறார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். ஆனால் பந்தயக் காரில் எண்ணை மட்டும் நம்பினால் கதை கந்தல். எண் பொறித்த தகடு இரண்டு ஆணியில் நிற்பது. கழற்றி வேறு சட்டகத்தில் மாட்டிவிடலாம். மாட்டவும் செய்தார்கள். ஒரு கார் நாடு விட்டு நாடு பந்தயத்துக்குப் போக வேண்டுமென்றால் சுங்கத்துறைப் பத்திரம் வேண்டும். அதில் குறிப்பிட்ட சேசிஸ் எண் இருக்கும். அந்தக் கார் விபத்தில் நொறுங்கிவிட்டால் புதிய பத்திரம் வாங்கிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? உதிரிச் சட்டகத்தில் பழைய தகட்டை மாட்டி அடுத்த எல்லைக்கு ஓட்டிவிடுவார்கள். முப்பது ஆண்டு கழித்து, தூக்கியெறிந்த நொறுங்கிய சட்டகத்தையும் ஒருவர் எடுத்து நிமிர்த்துவார். ஒரே எண்ணில் இரண்டு கார்கள். இரண்டு உரிமையாளர்களும் சத்தியம் செய்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

அதனால் ஆராய்கிறவர்கள் தகட்டைவிட்டுத் தழும்புகளைத் தேடுகிறார்கள். கையால் பற்றவைத்த இடம் ஒவ்வொரு காரிலும் வேறு மாதிரி இருக்கும். ஆணி வரிசை கோணலாகப் போயிருக்கும். இரவுப் பந்தயத்துக்காகக் கூடுதல் விளக்கு மாட்டத் துளைபோட்டு, பிறகு அடைத்திருப்பார்கள். அன்றைய புகைப்படங்களைப் பெரிதாக்கி அந்தத் துளையைத் தேடுவார்கள். தொழிற்சாலைப் பதிவேடு, பந்தயத்துக்கு முந்தைய பரிசோதனைத் தாள், சுரண்டிப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும் பழைய சாயம் எல்லாம் சாட்சிகள். 917-இன் அலுமினியக் குழாய்ச் சட்டகத்துக்குள் அழுத்தமேற்றிய வாயுவை நிரப்பி, அழுத்தம் குறைந்தால் எங்கோ விரிசல் என்று கண்டுகொள்வார்களாம். இதைக் கேட்டதும் எனக்குச் சைக்கிள் டியூப்பைத் தண்ணீரில் முக்கும் அப்பாதான் நினைவுக்கு வந்தார்.

தழும்பே சாட்சியாகி வழக்காடும் ஒரு கார் ஃபெராரியின் 0846. 1966-இல் 330 பி3-ஆகப் பிறந்து, மறு ஆண்டு பி4-ஆக மாற்றப்பட்டு, 1967 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அதே ஆண்டு லெ மானில் தீப்பிடித்தது. அதோடு அதன் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். அமெரிக்காவின் ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸ், பிற்காலத்தில் கட்டிய நகல் என்று கருதப்பட்ட ஒரு பி4-ஐ வாங்கினார். அதன் சட்டகத்தில் பி3 இன்ஜினுக்கான பிடிமான அடையாளங்களும் பி4-க்கானவையும் சேர்ந்தே இருக்கின்றன, அப்படி இரண்டும் இருக்கக்கூடிய கார் 0846 ஒன்றுதான் என்பது அவர் வாதம். ஒப்புக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். நான் நீதிபதி அல்ல. ஆனால் எரிந்துபோன ஒரு காரின் பெயரை நாலைந்து பிடிமானங்களை வைத்துத் திரும்பக் கேட்கும் அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நீதிபதி என்றதும் சொல்லிவிடுகிறேன்: இது உண்மையிலேயே நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 'ஓல்ட் நம்பர் ஒன்' எனப்படும் பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ், 1929, 1930 இரண்டு லெ மான்களையும் வென்ற கார். பிறகு அதன் சட்டகம், இன்ஜின், உடல் எல்லாம் கட்டங்கட்டமாக மாறின. பின்னாளில் அதன் உரிமையாளர் ஒரு கோடி பவுனுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அந்தக் காரே அல்ல என்று பின்வாங்கியது. 1990-இல் இங்கிலாந்து உயர்நீதிமன்ற நீதிபதி ஆட்டன் உரிமையாளர் பக்கம் தீர்ப்பளித்தார். அசல் உலோகம் கொஞ்சமே எஞ்சியிருந்தாலும், இந்தக் கார் எந்த நாளிலும் இல்லாமல் போய் இன்னொன்றாகப் பிறக்கவில்லை. தொடர்ந்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்க வேறு காரும் இல்லை. ஆகவே அந்தப் பெயர் இதற்கே உரியது என்றார்.

என் கணவருக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. அருங்காட்சியகக் காப்பிக் கடையில் இதற்காகவே அரை மணி நேரம் விவாதித்தோம். "இன்ஜினும் மாறிடுச்சு, பாடியும் மாறிடுச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு?" என்றார். நான் போர்ஷேவிலிருந்தே ஒரு கதை எடுத்துவிட்டேன். 1996, 1997 என்று அடுத்தடுத்து லெ மானை வென்றது டபிள்யூஎஸ்சி-95 என்ற போர்ஷே. இரண்டு முறையும் அதே ஒற்றைக் கார். அதன் எலும்புக்கூடு போர்ஷே செய்ததே அல்ல. ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-14 என்ற பழைய பந்தயக் காரினுடையது. மேல்பகுதியைத் திறந்து, போர்ஷே இன்ஜினை வைத்து, வேறு பெயரில் ஓடவிட்டார்கள். அந்த ஜாகுவார் வடிவமைப்பே 1992-இல் மஸ்டாவாகவும் ஓடியிருக்கிறது. "இப்ப சொல்லுங்க, ஜெயிச்சது போர்ஷேவா, ஜாகுவாரா?" அவர் காப்பியை முடித்துவிட்டு, "கோப்பை யாரு பேர்ல இருக்கு?" என்று மட்டும் கேட்டார். கணக்காளர்கள் இப்படித்தான்.

மறுபடி 001-இடம் போனேன். குனிந்து, மூக்கிலிருந்து வால்வரை பார்த்தேன். சிவப்புச் சாயத்தின் சுவடு எங்கும் இல்லை. அழகாக இருந்தது, கொஞ்சம் அந்நியமாகவும் இருந்தது. நாற்பத்து சொச்சம் ஆண்டு சிவப்பாக நின்றதும் அதன் வாழ்க்கைதானே என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அப்பா பட்டறையில் வளர்ந்தவளுக்கு அந்தத் தயக்கம் நீடிக்காது. வேறொன்றின் எண்ணை எழுதி வைத்திருந்தால் அழிக்கத்தான் வேண்டும். மகனை அதே இடத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். "சிவப்பு எங்க போச்சு?" என்று கேட்டுக்கொண்டே நின்றான், படத்திலும் வாய் திறந்தபடிதான் இருக்கிறான்.

அன்றிரவு நகருக்குள் மவுல்டாஷென் சாப்பிட்டோம். கொழுக்கட்டைக்குத் தம்பி மாதிரி. மாவுக்குள் கீரையும் இறைச்சியும். நோன்புக் காலத்தில் கடவுள் கண்ணில் படாமல் இறைச்சியை ஒளித்துவைக்கத் துறவிகள் கண்டுபிடித்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. மரக்கறி மட்டும் உள்ளதும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். எனக்கோ அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனையிலேயே பாதி ஆறிவிட்டது.

ஊர் திரும்பிய வாரம் கிள்ளான் போனோம். நான் தொடங்குமுன்பே பேரன் கைப்பேசியை நீட்டிவிட்டான். "தாத்தா, உங்க காடிய வெள்ளையாக்கிட்டாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். நேயர் அழைத்தது, நான் ஐந்து ஆண்டு மறைத்தது, 023, 001. அப்பா இடையில் பேசவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசிப் படத்தையும் சுவர்ப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் வாடும் என்று பயந்திருந்தேன்.

"அப்ப இது கம்பெனியே செஞ்ச குளோன் காடி" என்றார்.

கெரெத்தா குளோன் என்று நாம் சொல்வது, நல்ல காரின் பதிவு எண்ணை வேறொரு காரில் மாட்டி விற்பது. அப்பா தம் பட்டறை வாழ்க்கையில் பார்த்த குளோன் காடிகள், இரண்டு பாதிகளை வெட்டி ஒட்டிய போத்தோங் காடிகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஒரு காரில் கதவுக்கடியில் பற்றவைத்த கோடு எப்படிக் காட்டிக்கொடுத்தது, வாங்க வந்தவரை எப்படித் தடுத்தார் என்று முக்கால் மணி நேரம் போனது. பிறகு திடீரென்று, "ஃபிரேம் மாத்தலியே? மொத காடியோட ஃபிரேம்தானே அது?" என்றார்.

"அதே 001தான்பா."

"அப்புறம் என்ன? ஜெயிச்சது இருபத்தஞ்சுல ஒண்ணு. இது மொத ஒண்ணு."

மறுநாள் காலையில் படத்தைக் கழற்றி, பின்பக்க அட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதினார்: 917-001. சாயம் மட்டும் 23. திரும்ப அதே ஆணியில் மாட்டினார். பேரனின் வெள்ளைக் கார் படத்தையும் பிரதி எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.

இப்போது விருந்தினர்களுக்கு ஒரு நிமிடம் போதவில்லை. ஜெனீவாவில் தொடங்கி, படத்தைக் கழற்றிப் பின்பக்கம் காட்டி முடிப்பதற்குள், தேநீர் ஆறுகிறது என்று அம்மா இரண்டு முறை குரல் கொடுத்துவிடுகிறார். நான் தொட்டுப் பார்த்ததாகச் சொல்வதை மட்டும் அப்பா இன்னும் விடவில்லை.